இயற்கையும் எண்ணும்: இரு கலைகள் இணைந்தும் பிரிந்தும் வந்த வரலாறு

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில், அவிநாசி, திருப்பூர் வட்டாரத்துப் பெற்றோர் அரபுக் கல்லூரி ஆசிரியர்களாகிய நம்மிடமும் ஆலோசனை கேட்டு வருவதுண்டு. பின்னலாடைத் தொழிலும் வணிகமும் செழித்த ஊர்கள் இவை. ஆதலால் வணிகவியல், கணினி, பொறியியல் என்று அவர்களுடைய கேள்விகள் பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுழலும். எனினும் எண்ணிலும் இயற்கையிலும் ஒருசேர ஈடுபாடு கொண்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கவே செய்கின்றனர். அத்தகைய பிள்ளையின் தந்தை கேட்கும் கேள்வி வேறு: "இயற்பியலையும் கணிதத்தையும் சம நிலையில் வைத்து ஒரே பட்டமாகப் படிக்கும் படிப்பு ஒன்று இருக்கிறதாமே! அதில் சேர்க்கலாமா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடாதா?"

இந்த ஐயம் நியாயமானது. ஆனால் இது புதியதன்று. இவ்விரு கலைகளையும் ஒருவரே கற்க வேண்டுமா, இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமா என்னும் விவாதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இஸ்லாமிய அறிவுலகில் எழுந்தது. அதற்கு விடையும் கிடைத்தது. கிடைத்த விடையை நம் பாடத்திட்டங்கள் எவ்வாறு கைநழுவ விட்டன என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஃரிப் நேரத்தில் ஒளிந்திருக்கும் மூன்றரை நிமிடம்

முதலில் நாம் அன்றாடம் அறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூரியன் மறைந்ததும் மஃரிப் நேரம் தொடங்குகிறது. ரமளானில் நோன்பாளி நோன்பு திறக்கிறார். ஓர் ஊரின் அட்சரேகையும், அன்றைய தினம் சூரியன் வான நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் அளவும் தெரிந்தால், சூரியனின் மையம் தொடுவானத்தை எட்டும் நேரத்தைக் கோளக் கணிதத்தைக் கொண்டு துல்லியமாகச் சொல்லிவிடலாம். அக்கணக்கில் பிழை இராது. ஆயினும் அந்நேரத்தில் வெட்டவெளியில் நின்று மேற்கே நோக்கும் கண்ணுக்குச் சூரியன் முழு வட்டமாகத் தெரிந்துகொண்டிருக்கும்!

இதற்குக் காரணம் கணிதத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. சூரிய ஒளி வளிமண்டலத்தின் ஊடே வரும்போது வளைகிறது. தொடுவானத்தை ஒட்டி இவ்வளைவு ஏறத்தாழ 34 கலை ஆகும். ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கே ஒரு கலை. சூரிய வட்டத்தின் மேல் விளிம்பும் மறைந்தாக வேண்டும் என்பதால், அவ்வட்டத்தின் அரைவிட்டமாகிய 16 கலையையும் கூட்டினால் 50 கலை வருகிறது. நம் கொங்கு வட்டாரத்தின் அட்சரேகையில் இது காலக்கணக்கில் ஏறத்தாழ மூன்றரை நிமிடமாகும். கணிதத்தை மட்டும் நம்பியவர் மூன்றரை நிமிடம் முன்னதாகவே நோன்பு திறக்கச் சொல்லிவிடுவார். ஒளி வளையும் என்பதை மட்டும் அறிந்து கணக்குப் போடத் தெரியாதவரோ, நேரம் சொல்ல இயலாமல் நாள்தோறும் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பள்ளிவாசல் சுவரில் நாம் காணும் தொழுகை நேர அட்டவணை, இவ்விரு அறிவும் ஒரு தாளில் சந்தித்ததன் விளைவாகும்.

வைகறையின் கணக்கும் இத்தகையதே. அந்தலூஸின் ஜய்யான் நகரத்தைச் சார்ந்தவர் இப்னு முஆத் அல்ஜய்யானீ. ஹிஜ்ரீ 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் மார்க்கச் சட்டம் கற்ற காழி; கோளக் கணிதத்தில் தனி நூல் எழுதிய கணித அறிஞருங்கூட. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகையில் இருக்கும்போதே வைகறை வெளிச்சம் தோன்றுவதைக் கொண்டு, அந்த ஒளியை நமக்குத் திருப்பியனுப்பும் ஆவிப்படலம் எவ்வளவு உயரம் வரை பரவியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். ஃபஜ்ரு நேரத்தைப் பற்றிய ஆய்வு வளிமண்டலத்தின் உயரத்தை அளக்கும் ஆய்வாக வளர்ந்தது. சட்டம், கணிதம், இயற்கை அறிவு ஆகிய மூன்றும் அவரிடத்தில் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கவில்லை.

வேலியும் வேலியைத் தாண்டியவர்களும்

கிரேக்கரிடமிருந்து வந்த அறிவுப் பகுப்பு இவ்விரு கலைகளையும் தனித்தனியே நிறுத்தியிருந்தது. பொருள்களின் தன்மை, இயக்கம், மாற்றம் ஆகியவற்றை ஆராய்வது தபீஇய்யாத் எனப்படும் இயற்கை அறிவு. எண், அளவு, வடிவம் ஆகியவற்றை ஆராய்வது ரியாளிய்யாத் எனப்படும் கணித அறிவு. முன்னது 'ஏன்' என்று கேட்கும். பின்னது 'எவ்வளவு' என்று கேட்கும். ஃபாராபீ தமது 'இஹ்ஸாஉல் உலூம்' நூலில் கலைகளை எண்ணி வகுத்தபோது, பார்வை பற்றிய கலையைக் கணிதத்தின் கிளையாகவே வைத்தார். பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்பதில் இரு சாராரும் இரு வேறு விடை கூறிவந்தனர். யூக்ளிட், டாலமி முதலிய கணிதவாணர்கள், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகக் கொண்டனர். அவ்வாறு கொண்டால் கோடும் கோணமும் வரைந்து கணக்குப் போடுவது எளிதாயிற்று. இயற்கைத் தத்துவவாதிகளோ, பொருளின் உருவம் கண்ணுக்குள் வந்து பதிகிறது என்றனர். ஆனால் பென்னம்பெரிய மலையின் உருவம் சின்னஞ்சிறு கண்மணிக்குள் எவ்வாறு புகும் என்பதற்கு அவர்களிடம் கணக்கு இல்லை.

பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் (ஹிஜ்ரீ 354) பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைஸம் இந்த வழக்கைத் தீர்த்துவைத்தார். ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாஸிர்' நூலின் முகவுரையிலேயே, பார்வை பற்றிய ஆய்வு இயற்கை அறிவும் கணித அறிவும் கலந்து நிகழ வேண்டியது என்பதை அவர் நிலைநாட்டுகிறார். ஒளியைப் பற்றி அவர் எழுதிய தனிச் சிற்றேடும் இதே பாகுபாட்டைத் தெளிவாக்குகிறது: ஒளி என்பது யாது என்னும் கேள்வி இயற்கை அறிவைச் சார்ந்தது; அது எவ்வாறு பரவுகிறது என்று காண்பதற்குக் கணிதமும் வேண்டும். ஒளி பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது என்று கூறிய வகையில் இயற்கைவாதிகளின் பக்கம் நின்றார். அது நேர்கோடுகளாக வந்து, கண்ணை உச்சியாகக் கொண்ட கூம்பாகக் குவிகிறது என்று காட்டிய வகையில் கணிதவாணர்களின் கருவியைக் கையாண்டார். இருண்ட அறை, துளை, திரை ஆகியவற்றைக் கொண்டு சோதித்தும் பார்த்தார். இரு சாராரையும் சமாதானப்படுத்தும் பொருட்டு அவர் நடுவில் நின்றவர் அல்லர். இருவருடைய வேலையையும் ஒருவராகச் செய்தமையால், இருவரும் காணாததைக் கண்டவர்.

அவருக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின் அதே வழியில் நடந்தவர் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ (1267 - 1319). இவருடைய ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸீ; அவருடைய ஆசிரியரோ மராகா வானாய்வுக் கூடத்தை 1259இல் நிறுவிய நஸீருத்தீன் தூஸீ. 'கிதாபுல் மனாஸி'ருக்கு விரிவுரை எழுதிய அல்ஃபாரிஸீ, வானவில்லின் காரணத்தை அறிய விழைந்தார். மழைத்துளியைக் கையில் பிடித்து ஆராய இயலாதன்றோ! ஆதலால் பெரியதொரு கண்ணாடிக் கோளத்தில் நீரை நிரப்பி, அதனையே மழைத்துளியாகக் கொண்டு, இருட்டறையில் அதன்மீது ஒளியைச் செலுத்தினார். உள்ளே நுழையும்போது ஒரு வளைவு, உட்சுவரில் ஒரு பிரதிபலிப்பு, வெளியேறும்போது மற்றொரு வளைவு என்று முதல் வானவில்லுக்கு வழி கண்டார். உள்ளே இருமுறை பிரதிபலித்தால் இரண்டாம் வானவில் தோன்றும் என்றும் விளக்கினார். கோளத்தைத் தேர்ந்தது இயற்கை அறிவு. கதிரின் பாதையை வரைந்தது கணிதம். இவருடைய 'தன்கீஹுல் மனாஸிர்' 1928 முதல் 1930 வரையிலான ஆண்டுகளில் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் பதிப்பகத்தால் இரு பாகங்களாக அச்சிடப்பெற்றது என்பது தென்னாட்டவராகிய நமக்குப் பெருமை தருவதாகும்.

நந்தனா மலையிலிருந்து கொங்குச் சமவெளி வரை

இரண்டில் ஒன்று குறைந்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. அபூரைஹான் அல்பீரூனி ஹிஜ்ரீ 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனாக் கோட்டையருகே ஒரு மலைமீது ஏறிப் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். மலையின் உயரம் 652 முழம்; உச்சியிலிருந்து பார்க்கையில் தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து தாழ்ந்து தெரியும் கோணம் 34 கலை. இவ்விரண்டைக் கொண்டு, ஒருவரே ஓரிடத்தில் நின்று உலகத்தின் அளவைச் சொல்லும் முறை அது. அதற்கு முன்னர் கலீஃபா மஃமூனின் காலத்தில் இதே வேலைக்காக அறிஞர் குழுக்கள் பாலைவனத்தில் நெடுந்தொலைவு நடந்து அளக்க வேண்டியிருந்தது.

அல்பீரூனியின் வடிவக்கணிதத்தில் குறையே இல்லை. ஆனால் தொடுவானத்திலிருந்து வரும் ஒளி காற்றில் வளைந்து வருவதால், தொடுவானம் சற்று உயர்ந்து தோன்றும். தாழ்வுக் கோணம் குறைந்து தெரியும். வழக்கமான காற்று நிலையில் இம்முறையால் கிடைக்கும் ஆரம், உண்மையான அளவைவிட ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கூடிவிடக் கூடும். காற்றில் ஒளி வளையும் அளவை எண்ணால் சொல்லும் இயற்பியல் அக்காலத்தில் முதிர்ந்திருக்கவில்லை. மாபெரும் அறிஞரின் பிழையற்ற கணிதமும், அதற்கு இணையான இயற்பியல் இல்லாத இடத்தில் தடைப்பட்டது என்பதே நாம் இங்குக் கொள்ள வேண்டிய பாடம்.

அந்தக் கணக்கின் மறுபாதி நம் கொங்குச் சமவெளியில் நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார். வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். 1806இல் அவர் அடுத்தோர் அடிக்கோட்டை அளந்த இடம் கோயம்புத்தூர்ச் சீமையின் பச்சாபாளையம். ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் அமைந்த அவ்விடத்தில் விண்மீன்களையும் நோக்கிக் குறிப்பெடுத்தார். குமரிமுனையருகே தொடங்கி வடக்கே செல்லும் நெடிய அளவை வில்லில் பச்சாபாளையம் ஒரு முக்கிய நிலையமாயிற்று.

அவருடைய பணியில் இரு கலைகளும் எவ்வாறு கைகோத்தன என்று பாருங்கள்! பூமி உருண்டை என்பதால் அதன்மீது வரையும் முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகையைச் சற்றே மிஞ்சும். அந்த மிகுதியைக் கழிப்பது கணிதம். அளக்கும் எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும். ஆகவே வெப்பமானிகளை அருகில் வைத்து, வெப்பத்துக்கேற்ப நீளத்தைத் திருத்துவது இயற்பியல். தொலைவிலுள்ள குறியிலிருந்து வரும் ஒளி காற்றில் வளைவதற்கும் அவர் தனியே அட்டவணை வைத்திருந்தார். நந்தனா மலையில் கணக்குக்குள் வராமல் நின்ற அதே ஒளிவளைவு, எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் கொங்கு மண்ணில் கணக்கேட்டில் ஏறிவிட்டது.

நம் அட்சரேகையைப் பயன்படுத்திக்கொண்ட மற்றோர் ஆய்வும் அருகிலேயே இருக்கிறது. உதகை அருகே முத்தோரையில், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 1970இல் பணியைத் தொடங்கியது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 11 பாகை சரிந்த ஒரு மலைச்சரிவின்மீது கிடத்தப்பட்டுள்ளது. அவ்விடத்தின் அட்சரேகையும் அதே 11 பாகை! ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஓர் அச்சில் மட்டும் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். சரியான மலையைத் தேடிக் கண்டதிலேயே பாதிப் பொறியியல் முடிந்துவிட்டது.

அவிநாசி மக்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்து, 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு - அவிநாசித் திட்டமும் இவ்வரிசையில் வருவதே. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்தில் கிடைக்கும் உபரிநீரை, ஆறு நீரேற்று நிலையங்களின் வழியே மேட்டு நிலத்துக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுசேர்த்து நிலத்தடி நீரைப் பெருக்குவது இதன் நோக்கம். எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும், குழாயின் உராய்வில் எவ்வளவு அழுத்தம் வீணாகும், எந்தக் குளத்துக்கு எவ்வளவு பாயும் என்பவை இயற்பியலும் கணிதமும் சேர்ந்தே விடை சொல்லும் கேள்விகள். இயற்கணிதத்தில் 'அல்ஃபக்ரீ' என்னும் பெருநூல் இயற்றிய அபூபக்ர் அல்கரஜீ, தமது பிற்காலத்தில் நிலத்தடி நீரை வெளிக்கொணரும் முறைகளைப் பற்றி 'இன்பாத்துல் மியாஹில் கஃபிய்யா' என்றொரு நூலை எழுதியதும், அதில் மட்டம் பார்க்கும் கருவிகளைத் தாமே வகுத்துக் காட்டியதும் இங்கு நினைக்கத்தக்கவை. இயற்கணிதம் படித்தவருக்குக் கிணறு வெட்டுவதில் என்ன வேலை என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எவரும் அவரைக் கேட்கவில்லை.

நம் பாடத்திட்டம் கைநழுவ விட்டது

இத்தகைய மரபை உடையவர்கள் அதை எங்கே இழந்தார்கள்? மத்ரஸாக்களில் கணிதமும் இயற்கை அறிவும் கற்பிக்கப்படாமையே காரணம் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

லக்னோ ஃபிரங்கி மஹலின் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் 'தர்ஸே நிஜாமீ' பாடத்திட்டத்தில் இரண்டுமே இடம்பெற்றிருந்தன. கணிதத்தில் பஹாஉத்தீன் ஆமிலீயின் 'குலாஸத்துல் ஹிஸாப்', தூஸீ செப்பனிட்ட யூக்ளிடின் முதல் பகுதி. வானியலில் 'தஷ்ரீஹுல் அஃப்லாக்', 'ஷரஹுச் சக்மீனீ'. ஹிக்மத் துறையில் மைபுதீயின் விரிவுரை, 'ஸத்ரா', முல்லா மஹ்மூத் ஜவ்ன்பூரியின் 'ஷம்ஸுல் பாஸிகா' என்று நூல்கள் வரிசையாக நின்றன. இந்த மரபின் மாபெரும் அறிஞரும் முல்லா நிஜாமுத்தீனின் புதல்வருமான மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் (ரஹ்) அவர்களே, ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாஹின் ஆதரவில் சென்னைக்கு வந்து கற்பித்து, 1810இல் இங்கேயே மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியுள்ளார்கள். ஆகவே இப்பாடத்திட்டம் தமிழகத்துக்கு இரவல் வந்த செய்தி அன்று. அதன் தலையாய ஆசிரியரின் வாயிலாகவே நேரில் வந்தது.

குறை வேறோர் இடத்தில் இருந்தது. அந்த நீண்ட பட்டியலில் 'கிதாபுல் மனாஸிர்' இல்லை. 'தன்கீஹுல் மனாஸிர்' இல்லை. அல்பீரூனியின் 'அல்கானூனுல் மஸ்ஊதீ'யும் இல்லை. கணித நூல்கள் இருந்தன, இயற்கைத் தத்துவ நூல்களும் இருந்தன. இரண்டும் சந்திக்கும் நூல் ஒன்றுகூட இல்லை! கணிதம் பாகப்பிரிவினைக்கும் கிப்லா, நேரம் அறிவதற்கும் துணையாக வைக்கப்பட்டது. ஹிக்மத் நூல்களின் இயற்கைப் பகுதியோ இல்முல் கலாம், மன்திக் ஆகியவற்றின் விவாதங்களுக்குப் பயிற்சிக்களமாயிற்று. ஒவ்வொன்றும் வேறொரு கலைக்கு ஏவலாளாக நின்றதால், ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை. வானவில்லைக் காட்டும் கண்ணாடிக் கோளம் எந்த வகுப்பறைக்குள்ளும் நுழையவில்லை. காலப்போக்கில் பல மத்ரஸாக்களில் இந்நூல்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது, அவற்றுக்காக வாதாடுவோர் அருகியதற்கும் இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம். எதற்காகப் படிக்கிறோம் என்று மாணவன் அறியாத பாடம் நெடுநாள் நிலைப்பதில்லை.

முதன்மைப் பாடமும் துணைப்பாடமும்

இனி நவீனக் கல்லூரிகளைப் பார்ப்போம். இந்தத் தவறு மத்ரஸாக்களுக்கு மட்டும் உரியதன்று. மேனிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் ஒரே பிரிவில், ஒரே மதிப்பெண் தகுதியுடன் அருகருகே அமர்ந்திருக்கின்றன. அதே மாணவன் கல்லூரி வாயிலில் கால் வைத்ததும், ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுமாறு கேட்கப்படுகிறான். தமிழகத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரு முதன்மைப் பாடமும் 'ஆன்சிலரி' அல்லது 'அலைடு' எனப்படும் துணைப்பாடமும் என்பதே முறை. இயற்பியல் மாணவனுக்குக் கணிதம் சில பருவங்களுக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளி. கணித மாணவனுக்கு இயற்பியலும் அவ்வாறே. நரம்பு அதிர்வதை விளக்கும் சமன்பாட்டை ஒரு கட்டடத்தில் குறியீடுகளாகவும், மற்றொரு கட்டடத்தில் ஒலியாகவும் படிக்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று எடுத்துச் சொல்ல எவருக்கும் பாடவேளை ஒதுக்கப்படவில்லை.

இந்தப் பிரிவைத் தம் சொந்த முயற்சியால் கடந்த ஒருவர் நம் மாநிலத்திலேயே படித்தவர். சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு இளமையில் கணிதத்திலேயே நாட்டம். தந்தையாரின் விருப்பமோ இயற்பியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்த அவர், கணிதத் துறையின் வகுப்புகளிலும் போய் அமர்ந்து கேட்டார். சான்றிதழில் ஒரு பாடம், படித்ததோ இரண்டு. 1930இல் பட்டம் பெற்று, பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் பயணப்பட்டபோது, முதிர்ந்து சுருங்கிய விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதை அவர் கணக்கிட்டுக் கண்டார். அதன் இன்றைய மதிப்பு சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்குக் கிட்டிய துணிவும் வாய்ப்பும் எல்லா மாணவருக்கும் கிட்டுவதில்லை. துணிவில்லாத மாணவனுக்கும் அந்த வாய்ப்பைப் பாடத்திட்டமே வழங்க வேண்டும் என்பதே இணைப்புப் பட்டத்தின் கருத்து.

பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இரு பாடங்களையும் சம பங்காகக் கொண்ட இணை ஆனர்ஸ் பட்டங்கள் நெடுங்காலமாக உள்ளன. தமிழகத்திலும் இத்தகைய படிப்பு இல்லாமல் இல்லை. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் 2003இல் இயற்பியலுக்கென ஓர் ஆனர்ஸ் படிப்பைத் தொடங்கி, பின்னர் அதனையே கணிதமும் இயற்பியலும் இணைந்த ஆனர்ஸ் படிப்பாக மாற்றியமைத்தது. தனித்து நின்ற இயற்பியல் படிப்பைக் கணிதத்தோடு இணைப்பதே மேல் என்னும் முடிவுக்கு ஒரு நிறுவனம் தன் அனுபவத்தின் வழியே வந்திருப்பது கவனிக்கத்தக்கது. இதில் சேர அகில இந்திய அளவில் நுழைவுத்தேர்வு உண்டு. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அது கடினமாக இருக்கும். எண்ணிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு எட்டாததன்று.

பெற்றோருக்குச் சில சொற்கள்

இணைப்புப் பட்டத்தைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. இரு பாடங்களும் சம பங்கு பெறும்போது இரண்டிலும் சில பகுதிகள் விடுபடும். இயற்பியலை மட்டும் படிப்பவனுக்குக் கிடைக்கும் அளவு ஆய்வுக்கூடப் பயிற்சி இவனுக்குக் கிடைக்காமற் போகலாம். கணிதத்தை மட்டும் படிப்பவன் தொடும் சில நுண்ணிய பகுதிகளை இவன் தொடாமற் போகலாம். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்து இதனை அறிந்துகொள்ள வேண்டும். அரசுப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் எந்தப் பட்டம் எதற்கு இணை என்னும் கேள்வி எழும். அரசின் இணைத்தன்மை ஆணைகளைச் சேரும் முன்னரே பார்த்துவிடுவது நலம். பட்டம் முடிந்ததும் உடனே வேலைக்குச் செல்ல வேண்டிய நிலையிலுள்ள குடும்பம் இதனை நன்கு ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும். மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் செல்ல விரும்பும் பிள்ளைக்கோ, இது உறுதியான அடித்தளமாகும்.

வேறொன்றையும் கூற வேண்டும். இணைப்புப் பட்டம் கிடைக்காத பிள்ளை மனந்தளர வேண்டியதில்லை. எந்த ஊர்க் கல்லூரியில் இயற்பியல் படித்தாலும், துணைப்பாடமாக வரும் கணிதத்தைத் தேர்வோடு மறந்துவிடாமல் மூன்றாண்டும் தொடர்ந்து படித்துவரலாம். கணிதம் படிப்பவன், தான் தீர்க்கும் சமன்பாடு இயற்கையில் எங்கே நிகழ்கிறது என்று பக்கத்துத் துறையின் ஆசிரியரிடம் கேட்கலாம். சந்திரசேகர் செய்தது இதுவே. இரண்டு துறைகளின் கதவுகளும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன.

அரபுக் கல்லூரிகளாகிய நம் பங்கும் இதில் உண்டு. நேரக்கணக்கைக் கற்பிக்கும் வகுப்பில் அட்டவணையை ஒப்பிப்பதோடு நில்லாமல், அந்த 50 கலை எங்கிருந்து வந்தது என்று மாணவருக்கு விளக்கலாம். அவிநாசியிலிருந்து கிப்லா, நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 21 பாகை விலகியிருப்பதை அவர்களே கணக்கிட்டுப் பார்க்கச் செய்யலாம். காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் உடன் சொல்லலாம். அருகிலுள்ள கல்லூரியில் இயற்பியலோ கணிதமோ படிக்கும் மஹல்லாப் பிள்ளைகளை அழைத்து, நம் மாணவரோடு ஒரே பலகையின் முன் அமரவைக்கலாம். ஒருவர் அரபு மூலத்தை வாசிக்க, மற்றவர் கணக்கைப் போட்டுக் காட்ட, ஹைதராபாத்தில் அச்சான அந்தப் பழைய ஏடுகள் மீண்டும் பாடநூல்களாகும். அத்தகைய ஒரு வகுப்பைத் தொடங்க அரசாணை வேண்டியதில்லை. விருப்பமுள்ள இரண்டு ஆசிரியர்கள் போதும்.